ஃபிலிம் ஃபோரமில் ஒரு மாதம்: படத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள்

நியூயார்க்கில் மேற்கு ஹௌஸ்டன் தெரு, 209-ஆம் எண். (டெக்சஸ் நகரத்தின் பெயரைச் சொல்வதுபோல் ‘ஹியூஸ்டன்’ என்று வழி கேட்டால், நீங்கள் ஊருக்குப் புதுசு என்று அங்கேயே தெரிந்துவிடும்.) இங்கே இருக்கும் ஃபிலிம் ஃபோரம் என்ற திரையரங்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு ஏமாற்றம் காத்திருக்கிறது. திரை நினைத்ததைவிடச் சின்னது. அரங்கும் நீளவாக்கில் ஒடுங்கியது. அடுத்து, படத்தில் யாரும் பேசாத ஒரு நிமிடம் வந்தால் தரைக்கடியில் சுரங்க ரயில் உறுமிக்கொண்டு போவது கேட்கும். ஊரறிந்த குறைகள்தான். பழகியவர்கள் அந்த உறுமலைப் படத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய திரை, சாய்வு நாற்காலி, உடம்பை அதிரவைக்கும் ஒலி இவைதான் சினிமா என்று நினைப்பவர்கள் இங்கே வர வேண்டாம். டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் அதற்கென்று மல்டிபிளெக்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு படத்தை அது எந்த வடிவத்தில் எடுக்கப்பட்டதோ அதே வடிவத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மாதம் நாலைந்து முறை வரத் தகுந்த இடம் இது. ஒரு நிபந்தனை: படத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் பாதிக் காசு வீண். மாத அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் ‘35 எம்எம்’, ‘புதிய 4கே மீட்பு’, ‘நேரடி பியானோவுடன்’ என்று சிறிய எழுத்தில் ஏதாவது போட்டிருப்பார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது அந்தச் சிறிய எழுத்துக்காகத்தான்.

1970-இல் ஐம்பது மடக்கு நாற்காலி, ஒரே ஒரு புரொஜெக்டர், ஆண்டுக்கு 19,000 டாலர் செலவுத்திட்டம் என்று ஆரம்பித்த அமைப்பு இது. 1972-இல் பொறுப்பேற்ற கேரன் கூப்பர் 2023 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், இதை நடத்தினார். இப்போதைய கட்டடத்துக்கு வந்தது 1990-இல். மூன்று திரைகளாக இருந்ததை 2018-இல் கோடையில் சில மாதம் மூடி, இருக்கைகளை மாற்றி, தரைச்சரிவைத் திருத்தி, நான்காவது திரையையும் சேர்த்துத் திறந்தார்கள். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்நூறு இருக்கைகள். லாப நோக்கமில்லாத அமைப்பு. வருஷத்தில் 365 நாளும் திறந்திருக்கும். கிறிஸ்துமஸ் அன்று போக இடமில்லாமல் அறையில் கிடப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மாதம் எப்படிக் கட்டப்படுகிறது

நான்கு திரைகளிலும் ஓடுவதை மூன்று ஓட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் அட்டவணை தெளிவாகிவிடும். ஒன்று, புதுப் படங்கள்: அமெரிக்கச் சுயாதீனப் படங்கள், ஆவணப்படங்கள், பிறமொழிப் படங்கள். இவை ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓடும். இரண்டு, ‘ரெபர்ட்டரி’ என்று அவர்கள் சொல்லும் பழைய படங்கள். ஒரு நடிகர், ஓர் இயக்குநர், ஒரு காலகட்டம் என்று எடுத்துக்கொண்டு தொடராகப் போடுவார்கள். பழுது நீக்கிப் புதிதாக மீட்கப்பட்ட ஒரே படத்தை ஒரு வாரம் ஓட்டுவதும் உண்டு. இந்தப் பகுதியை 1980-களிலிருந்து அமைத்து வருபவர் புரூஸ் கோல்ட்ஸ்டீன். பழைய படங்களை மறுவெளியீடு செய்வதற்காகவே 1997-இல் ரியால்டோ பிக்சர்ஸைத் தொடங்கியவரும் அவர்தான். மூன்றாவது ஓட்டம், கூட்டம் குறையாததால் நீட்டிக்கப்பட்ட படங்கள்.

இந்த மூன்றுக்கும் அவசரம் ஒரே மாதிரி அல்ல. மூன்றாவது வகைக்கு ஓடிப்போக வேண்டியதே இல்லை. அதற்குள் அது வேறு அரங்குகளுக்கும் வீட்டுத்திரைக்கும் வந்துவிடும். முதல் வகையில் அவசரம் முதல் வார இறுதிக்கு மட்டும்தான். இயக்குநர் வந்து பேசுவதாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளி, சனி மாலைக் காட்சிகளுக்குத்தான் வருவார். உண்மையான அவசரம் இரண்டாவது வகையில். அதிலும் ஒரு தொடரில் ஒரே ஒரு நாள், ஒன்றோ இரண்டோ காட்சி மட்டும் போடப்படும் 35 எம்எம் பிரிண்ட், அதாவது படச்சுருள் பிரதி. அது ஏதோ ஓர் ஆவணக்காப்பகத்திலிருந்து பெட்டியில் வந்து, காட்சி முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அடுத்த முறை எப்போது வெளியே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அட்டவணை வெளிவந்த அன்றே இந்த ஒற்றை நாள் காட்சிகளை முதலில் வட்டமிட்டுவிட்டு மற்றவற்றை மீதி நாட்களில் பொருத்துங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுப் படத்தை முதலில் குறிக்கிறார்கள், பிரிண்டைத் தவறவிடுகிறார்கள்.

தொடர்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ப்ரீ-கோட்’ என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930-இல் எழுதப்பட்டாலும் கறாராக நடைமுறைக்கு வந்தது 1934-இன் நடுவில்தான். இடைப்பட்ட நாலு வருஷத்தில் வந்த படங்களில் பல எழுபது, எண்பது நிமிடத்தில் முடியும், வசனம் கத்தி மாதிரி இருக்கும், பெண்கள் யாருக்கும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். பிற்காலத்தில் மறுவெளியீட்டுக்காக இவற்றில் பலவற்றை வெட்டினார்கள். வெட்டாத வடிவத்தைத் தேடிப் போடும் இடம் என்பதால் இங்கே பார்ப்பதற்கு மதிப்பு கூடுகிறது.

‘35 எம்எம்’ என்று போட்டிருந்தால்

35 எம்எம் படச்சுருள் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஓர் அடியில் 16 ஃப்ரேம்; ஆக நிமிடத்துக்கு 90 அடி. ஒரு ரீல் அதிகபட்சம் 2,000 அடி என்பதால் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. வழக்கமாகப் பதினெட்டு, இருபது நிமிடத்தில் முடியும். நூறு நிமிடப் படத்துக்கு ஐந்தாறு ரீல். காப்பகப் பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய தட்டில் சுற்றி ஒரே மூச்சில் ஓட்ட அனுமதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை வெட்டி ஒட்டும்போதும் ரீலின் தலையிலும் வாலிலும் சில ஃப்ரேம்கள் தொலையும் என்பதுதான் காரணம். ஆகவே இரண்டு புரொஜெக்டர்களை வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நம் ஊர் ஆபரேட்டர்கள் சேஞ்ச் ஓவர் என்று சொல்வது இதைத்தான்.

அதைக் கண்ணால் பார்க்கலாம். ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். நாலே ஃப்ரேம், விநாடியில் ஆறில் ஒரு பங்கு. கேபினில் இருப்பவர் அதைப் பார்த்ததும் இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரை ஓட விடுவார். ஏழு விநாடி கழித்து இரண்டாவது வட்டம். அந்த நொடியில் ஒரு இயந்திரத்தின் ஒளியை அடைத்து மறு இயந்திரத்தின் ஒளியைத் திறப்பார். சரியாகச் செய்தால் காட்சி மாறியது தெரியாது; புது ரீலின் நிறமோ கூர்மையோ ஒரு மயிரிழை வேறுபடுவது மட்டும் தெரியும். தாமதமானால் ஒரு கணம் வெள்ளைத் திரை, அல்லது வால் பகுதியின் கிறுக்கல்கள். முந்திக்கொண்டால் ஒரு வசனத்தின் கடைசிச் சொல் காணாமல் போகும். ஐந்து ரீல் படத்தில் இது நான்கு முறை நடக்கும். மனிதக் கை செய்யும் வேலை என்பதால் எப்போதாவது தவறும். அதற்காக முகம் சுளிக்கத் தேவையில்லை.

எழுந்துபோய்ச் சொல்ல வேண்டிய தவறுகள் வேறு. படம் மங்கலாக இருக்கிறதா? ரீல் மாறியதும் ஃபோகஸைத் திருத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது விளக்கின் சூட்டில் சுருள் லேசாக நெளிந்திருக்கலாம். உதடும் ஒலியும் பொருந்தவில்லையா? ஒலியைப் படிக்கும் இடமும் படம் விழும் இடமும் இருபது ஃப்ரேம் தள்ளி இருப்பவை. சுருளைப் பூட்டும்போது இடையில் விடும் வளைவு கூடிக் குறைந்தால் ஒலி விலகும். தலைகள் வெட்டுப்படுகின்றனவா? சட்டகத்தின் அளவைத் தீர்மானிக்கும் தகடோ லென்ஸோ தவறு. இதில் எதுவானாலும் படம் முடிந்தபின் புலம்பிப் பயனில்லை. உடனே எழுந்துபோய் வாசலில் இருப்பவரிடம் எந்தத் திரை, என்ன கோளாறு என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். ஒரே ஆபரேட்டர் பல திரைகளைக் கவனிக்கும் எந்த அரங்கிலும், நீங்கள் சொல்லும்வரை அவருக்குத் தெரியாமலே போகலாம். ‘யாராவது சொல்வார்கள்’ என்று இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்; அந்த யாராவது நீங்களாக இருங்கள்.

பிரிண்ட் என்றாலே உசத்தி என்ற மயக்கமும் வேண்டாம். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை அச்சிட்ட ஈஸ்ட்மேன்கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக வெளுத்துவிடும். மிஞ்சுவது ரோஜா நிறம். வானம் ரோஜா, புல் ரோஜா, கதாநாயகியின் பட்டுப்புடவை எந்த நிறமாக இருந்தாலும் ரோஜா. நம் ஊர்ப் பழைய வண்ணப் படங்களின் மிஞ்சிய பிரிண்டுகளுக்கு நேர்ந்ததும் இதுதான். 1982-க்குப் பிறகு வந்த சாயம் வெளுக்காத சுருளில் அச்சிட்ட பிரிண்டுகள் தேவலை. டெக்னிகலரின் சாயமாற்று முறையில் அச்சிட்டவை எழுபது எண்பது ஆண்டு கழித்தும் மின்னும். அட்டவணையில் ‘டெக்னிகலர் பிரிண்ட்’ என்று குறிப்பாகப் போட்டிருந்தால், மழையோ பனியோ பார்க்காமல் கிளம்பலாம். வெறுமனே ‘35 எம்எம்’ என்று இருந்து, படம் 1960-களின் வண்ணப்படமாகவும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் வெள்ளித் துகள்தான் படம். வெளுப்பதற்கு அங்கே சாயமே இல்லை. அதன் கறுப்பு சாதாரண டிஜிட்டல் புரொஜெக்டரின் கறுப்பைவிட ஆழமாக விழும். எங்கள் கணக்கில் இந்த அரங்கின் உச்சம் கறுப்பு வெள்ளை 35 எம்எம்தான்.

‘4கே மீட்பு’ என்று போட்டிருந்தால்

இப்போது ரெபர்ட்டரியில் பெரும்பகுதி டிஜிட்டல். இதில் பலர் பிடித்துக்கொள்வது ‘4கே’ என்ற எண்ணை. அந்த எண் இங்கே அவ்வளவு முக்கியமில்லை. 2கே படத்தின் அகலத்தில் 2,048 புள்ளிகள், 4கே-யில் 4,096. சாதாரணக் கண்பார்வை உள்ளவர் திரையின் அகலத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் 2கே-யின் புள்ளிகளையே தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. சின்னத் திரையும் நீண்ட அரங்கும் உள்ள இடத்தில் பாதி இருக்கைகள் அந்தத் தூரத்துக்கு அப்பால்தான்.

கவனிக்க வேண்டியது, மீட்பு எதிலிருந்து நடந்தது என்பது. மூல நெகட்டிவிலிருந்தா, அதன் நகலிலிருந்தா, ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்தா? இதைப் புரிந்துகொள்ள சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவற்றின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு படச்சுருள் கூடத்தில் நடந்த தீவிபத்தில் கருகின. கருகியவற்றைத் தூக்கி எறியாமல் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கூடத்தில் அந்தக் காய்ந்து முறுக்கிய சுருளுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டியதைப் பிரித்து, உடைந்த பக்கத்துளைகளைக் கையால் ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். முதல் படத்தில் சுமார் 40 சதவீதமும், இரண்டாவதில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே கிடைத்தது. மீதிக்கும் மூன்றாவது படத்துக்கும் வேறு நகல்களைத் தேடிப் பயன்படுத்தினார்கள். அந்த 4கே வடிவம் 2015 மே மாதம் பொதுக்காட்சிக்கு வந்த இடம் இதே ஃபிலிம் ஃபோரம். ஒரே படத்துக்குள் ஒரு ஷாட் நெகட்டிவிலிருந்தும் அடுத்தது நகலிலிருந்தும் வரும்போது படச்சுருளுக்கே உரிய துகளின் நேர்த்தி மாறுவதை முன்வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கலாம். 4கே என்ற எண் இரண்டுக்கும் ஒன்றே.

டிஜிட்டலில் வரும் கோளாறுகளும் தனி ரகம். துகள்களை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தெடுத்தால் முகங்கள் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும். புது நிறத்திருத்தத்தில் எல்லாப் படத்தையும் நீலப்பச்சையும் மஞ்சளுமாக ஆக்கிவிடும் பழக்கமும் சில கூடங்களுக்கு உண்டு. இவை அரங்கின் தவறல்ல, கோப்பிலேயே வருபவை. அரங்கு சம்பந்தப்பட்டது பூட்டுச்சாவி. டிஜிட்டல் படக்கோப்பு பூட்டியே வரும். இந்தத் தேதி இந்த மணியிலிருந்து இந்த மணிவரை, இந்த சர்வரில் மட்டும் என்று தனியாக ஒரு சாவிக்கோப்பு வரும். சர்வர் மாறியிருந்தாலோ நேரம் பிசகினாலோ படம் தொடங்கவே தொடங்காது. எந்த ஊரானாலும் ‘தொழில்நுட்பக் கோளாறால் தாமதம்’ என்று அறிவித்தால் பாதி நேரம் காரணம் இந்தச் சாவிதான்.

திரையின் ஓரத்துக் கறுப்புத் துணி

ஓர் ஆர்ட் ஹவுஸை, அதாவது இதுபோன்ற கலைப்பட அரங்கை, எடைபோட எங்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. படம் தொடங்கும்போது திரையின் இரு ஓரத்துக் கறுப்புத் துணியைப் பாருங்கள். 1930-களிலிருந்து 1950-களின் தொடக்கம்வரை ஹாலிவுட் படங்களின் சட்டகம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1.37-க்கு 1, ஏறக்குறைய சதுரம். ஐரோப்பியப் படங்களில் பல 1.66. பிற்கால அமெரிக்கப் படங்கள் 1.85. ஸ்கோப் எனப்படும் அகலப் படம் என்றால் 2.35, பிறகு 2.39. ஒவ்வொன்றுக்கும் துணி நகர்ந்து சட்டகத்தின் ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்க வேண்டும். அப்படியில்லாமல் சதுரப் படத்தை அகலத் திரையின் நடுவில் விட்டு, இரு பக்கமும் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிய விட்டால், படத்தின் கறுப்பே சாம்பலாகத்தான் தெரியும். பல மல்டிபிளெக்ஸ்களில் இந்தத் துணியையே கழற்றிவிட்டார்கள். பழைய படத்தை அதன் சட்டகத்தில் காட்டுவதைத் தொழில் தர்மமாக எடுத்துக்கொள்ளும் அரங்குகளில் ஃபிலிம் ஃபோரமும் ஒன்று. திரை சின்னது என்ற குறையைப் பெரும்பகுதி ஈடுகட்டுவது இதுதான். சதுரப் படத்துக்கு இந்த அரங்கு கச்சிதம். ஸ்கோப் படத்துக்குத்தான் அகலம் போதாமல் திணறும்.

உட்காரும் இடத்தை இதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய அரங்கின் பழக்கத்தில் கடைசி வரிசைக்குப் போனால் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் இருக்கும். முன் மூன்றில் ஒரு பகுதிக்குள் உட்காருங்கள். சப்டைட்டில் உள்ள படமென்றால் நடைபாதையை ஒட்டிய இருக்கை. 2018 திருத்தத்துக்குப் பிறகு தரைச்சரிவு மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் முன்னால் ஆறடி ஆள் உட்கார்ந்தால் சப்டைட்டிலின் நடுச்சொல் போய்விடும். பழைய பிரிண்டுகளில் சப்டைட்டில் படத்திலேயே வெள்ளை எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளை மேசைவிரிப்பு, பனி, வெள்ளைச் சட்டை வந்தால் எழுத்து காணாமல் போகும். அதற்கு எந்த இருக்கையும் உதவாது.

மௌனப்படமும் பியானோவும்

மாத அட்டவணையில் மௌனப்படம் ஒன்று, அதற்கு நேரடி பியானோ என்று இருந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள். பல ஆண்டுகளாக இங்கே மௌனப்படங்களுக்கு வாசித்துவருபவர் ஸ்டீவ் ஸ்டெர்னர். நடனக்காட்சியில் கால் தரையைத் தொடும் கணத்தில் சுரம் விழுவது, கதவு அறையப்படும்போது அதற்கு அரை நொடி முன்பே இசை நின்றுவிடுவது, இதெல்லாம் பதிவுசெய்த இசைத்தடத்தில் கிடைக்கலாம். ஆனால் அரங்கில் எழும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சுரத்தைப் போடுவது நேரில் வாசிப்பவரால்தான் முடியும். ரயில் உறுமலும் அன்று அவ்வளவாகக் கேட்காது.

இங்கும் பார்க்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. மௌனப்படங்களைக் கையால் சுற்றி எடுத்தார்கள்; விநாடிக்கு 16 முதல் 22 ஃப்ரேம்வரை எதுவாகவும் இருக்கலாம். அதை 24-இல் ஓட்டினால்தான் ஆட்கள் கோழிமாதிரி குடுகுடுவென்று நடப்பார்கள். மௌனப்படம் என்றாலே அப்படித்தான் என்று தலைமுறை தலைமுறையாக நம்பவைத்தது இந்தத் தவறுதான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் வேண்டும். வேகத்தைக் குறைத்தால் திரை சிமிட்டும் என்பதால் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் மூன்று இதழ் ஷட்டரும் வேண்டும். 18 ஃப்ரேமை மும்மூன்று முறை காட்டினால் விநாடிக்கு 54 மின்னல். கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாது. நடப்பவர்கள் மனிதர்களைப்போல் நடந்தால் கேபினில் இருப்பவருக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம்.

பேச்சு, குழந்தைகள், தீனி

இயக்குநருடன் உரையாடல் இருக்கும் காட்சிகள் படம் முடிந்து இருபது முப்பது நிமிடம் நீளும். கேள்விகளின் தரம் நியூயார்க்குக்கே உரியது: மூன்றில் ஒன்று கேள்வி, மற்ற இரண்டு சொற்பொழிவு. ஆவணப்படங்களுக்கு இருந்து கேட்பது பயன். கதைப்படங்களுக்குப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவதே உத்தமம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் குழந்தைகளுக்கான பழைய படக்காட்சி, ‘ஃபிலிம் ஃபோரம் ஜூனியர்’. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தை அறிமுகப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. அவர்கள் பேசினாலும் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். சப்டைட்டில் வாசிக்க வராத வயதென்றால் ஆங்கிலப் படமா, அல்லது வசனமே இல்லாத நகைச்சுவைப் படமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்கார்ன் நன்றாக இருக்கும். கேக்கும் எஸ்பிரெஸோவும் கிடைக்கும். வார நாள் மதியக் காட்சிகளில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம். அரங்கு அமைதியாக இருக்கும், இடமும் கிடைக்கும். வெள்ளி, சனி மாலை ஒற்றைநாள் பிரிண்டுகளுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

உறுப்பினர் சேர்க்கை லாபமா என்பதற்கு ஒரு கணக்குதான்: ஆண்டுச் சந்தாவைப் பொது டிக்கெட்டுக்கும் உறுப்பினர் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவதைவிட அதிகமாக வருஷத்தில் போவீர்களென்றால் சேருங்கள். மாதம் இரண்டு படத்துக்குக் குறையாதவர்களுக்குச் சந்தேகமின்றி லாபம். வருஷத்துக்கு நாலு முறை போகிறவர் சேர்ந்தால் அதை நன்கொடை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதற்கு வேறு இடம் போக வேண்டும்

70 எம்எம் பார்க்க வேண்டுமென்றால் இந்த இடம் இல்லை. குவீன்ஸில் அஸ்டோரியாவில் இருக்கும் மூவிங் இமேஜ் அருங்காட்சியகத்துக்கோ வில்லேஜ் ஈஸ்ட்டுக்கோ போங்கள். பரிசோதனைப் படங்களுக்கு ஜோனஸ் மேகாஸ் முதலானோர் 1970-இல் தொடங்கிய ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ். படம் முடிந்தபின் அதே கட்டடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச வேண்டுமென்றால் லட்லோ தெருவில் இருக்கும் மெட்ரோகிராஃப். ஐஎஃப்சி சென்டர் என்ற திரையரங்கு ஃபிலிம் ஃபோரமிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரே சனிக்கிழமையில் இங்கே மதியக் காட்சி, அங்கே இரவுக் காட்சி என்று இணைத்துக்கொள்ளலாம்.

வந்து போகும் வழி, நியூ ஜெர்சிக்காரர்களுக்காக. எடிசன், மெட்ரோபார்க் பக்கத்திலிருந்து வருபவர்கள் நார்த் ஈஸ்ட் காரிடார் ரயிலில் நியூயார்க் பென் ஸ்டேஷன் வந்து, 1-ஆம் எண் சுரங்க ரயிலில் தெற்கு நோக்கி ஏறினால் ஆறாவது நிறுத்தம் ஹௌஸ்டன் தெரு. அதே நடைமேடைத் தொகுதியில் வரும் 2, 3 எண் ரயில்கள் விரைவு ரயில்கள், வழக்கமாக ஹௌஸ்டனில் நிற்காது. ஜெர்சி சிட்டியிலிருந்து வருபவர்களுக்கு 33-ஆவது தெரு போகும் பாத் ரயிலில் (நியூ ஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைப்பது) கிறிஸ்டோபர் தெரு நிறுத்தம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. சுரங்க ரயிலில் ஏ, சி, ஈ, எஃப் எல்லாம் நிற்கும் மேற்கு நான்காம் தெரு நிலையமும் நடக்கும் தூரமே. இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும் காட்சிக்குப் பிறகு பாத் ரயில் இரவு நேரங்களில் ஹொபோகன் சுற்றிப் போவதுண்டு. ஜெர்னல் ஸ்கொயர்காரர்கள் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். எடிசன்காரர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே படத்தின் நீளத்தையும் கடைசி ரயிலின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று மணிநேரப் படமென்றால் ஞாயிறு மதியக் காட்சி.